தீப்பெட்டிச் சத்தம்

சொல்லத்தான் வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. என் கோளாறு அது. முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்வேன். கேட்கிறவர்கள் நான் யாரையோ வைகிறேன் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். போன மாதம் இதே பெஞ்சில் உங்களை மாதிரியே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தது. நல்லதுக்குத்தான் நாலு வார்த்தை சொன்னேன். அது நேரே உள்ளே போய், "வெளியே ஒரு அம்மா உங்களப் பத்தி ஒரு மாதிரி பேசுது" என்று சொல்லிவிட்டது. அப்புறம் இங்கே வேலை பார்க்கிற பியூலா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்னக்கா, எம்மேல எதும் வருத்தமா?" என்கிறாள். "சேச்சே, அதெல்லாம் இல்லம்மா" என்றேன். என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். பாருங்கள், என்னையே தட்டிக்கொடுக்கிறாள்.

அதனால் நீங்கள் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். உங்கள் பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டட்டும். இங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அது ஒன்று இங்கே நல்லது. விளாத்திகுளத்திலிருந்தா வருகிறீர்கள்? காலையில் சாப்பிட்டீர்களா?

உங்களை உள்ளே கூப்பிட்டதும் என்ன கேட்பார்கள் தெரியுமா? பையனுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, அழுதால் என்ன செய்வீர்கள், எப்படி அமர்த்துவீர்கள். இதைத்தான் கேட்பார்கள். பியூலாதான் கேட்பாள். சிரித்த முகமாகக் கேட்பாள். நம்மிடம் இதையெல்லாம் யார் கேட்டிருக்கிறார்கள்? கேட்டதும் நமக்குக் கண்ணில் தண்ணி வந்துவிடும். எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம்.

அதோ, அந்த ஜன்னலுக்கு உள்ளே நீலச் சுடிதார் போட்டிருக்கிறாளே, அவள்தான் பியூலா. அவள் பக்கத்தில் மஞ்சள் சுடிதார், கழுத்தில் கயிறு தொங்குகிறதே, அது என் மகள். செண்பகவல்லி. இந்த ஊர் அம்மன் பேர். இருபத்துமூன்று வயது முடிந்துவிட்டது. பார்த்தால் தெரியாது. முகம் இன்னும் பிள்ளை முகம்தான்.

அவளுக்குக் கழுத்து நிற்கவே நாளாயிற்று. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். மூளை வளர்ச்சி கம்மி என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு வரவில்லை. "ம்மா" மட்டும் வந்தது. அந்த ஒரு "ம்மா"வை வைத்துத்தான் அவள் எல்லாம் சொல்வாள். இழுத்துச் சொன்னால் தண்ணி. மூக்கால் சொன்னால் வயிறு வலி. தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னால் வெளியே கூட்டிப்போ என்று அர்த்தம். என்னைத் தவிர ஒருத்தருக்கும் விளங்காது. அவள் அப்பா கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறார். பாகு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று குமிழைப் பார்த்தே சொல்லிவிடுவார். பெற்ற மகள் என்ன கேட்கிறாள் என்று சொல்ல வராது. "ஏய், இங்க வா, பிள்ள என்னமோ கேக்கு" என்று என்னைத்தான் கூப்பிடுவார். அடுத்த வீட்டில் எங்கள் மதினி இசக்கியம்மாள், அவர் அண்ணன் பெண்சாதி, அவளும் என்னைத்தான் கேட்பாள். எல்லாரும் என்னைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். அப்புறம் தீப்பெட்டி ஆபீஸ்தான், பெட்டியில் குச்சி அடைக்கப் போனேன். என்னிடம் வந்து யாரும் எதையும் கேட்டது கிடையாது. இந்த ஒரு விஷயத்தில்தான் கேட்டார்கள்.

அவளுக்குச் சத்தம் ஆகாது. இடி, வேட்டு, மிக்சி. சத்தம் கேட்டால் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்துவிடுவாள். பிடித்து இழுத்தால் இன்னும் கடிப்பாள். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மழை நாள். இடி இடிக்கிறது, இவள் வீறிட்டு அழுகிறாள், நான் இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்புப் பற்றவைக்கிறேன். தீப்பெட்டியில் குச்சி இருக்கிறதா என்று காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். என் காதுக்குப் பக்கத்தில்தானே அவள் காதும் இருக்கிறது. டக்கென்று அழுகையை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தினேன், அழுதாள். ஆட்டினேன், நிறுத்தினாள். ஜக் ஜக், ஜக் ஜக். என் முகத்தையே பார்த்தாள்.

அன்றிலிருந்து அதுதான் மருந்து. பெட்டி நிறைய குச்சி இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. பாதிக்கும் கொஞ்சம் கீழே. நான் யாருக்கும் சொன்னதில்லை. மறைத்தேன் என்று இல்லை. யாரும் இல்லாதபோதுதான் ஆட்டுவேன், அவ்வளவுதான். ஆள் இருந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு உள்ரூமுக்குப் போய்விடுவேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வரும்போது அவள் அமைதியாக வருவாள். "அம்மைக்காரி கை பட்டதும் அடங்கிட்டா பாரு" என்று மதினி சொல்வாள்.

போன வருஷம் இந்தச் சென்டரிலிருந்து இந்த மாதிரிப் பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக வந்தார்கள். அவள் அப்பா சரி என்றுவிட்டார். "நமக்குப் பிறகு யாரு பாப்பா? நாலு பேர்கூட இருந்து பழகட்டும்" என்றார். வேன் வந்தது. நான் என்ன நினைத்தேன் என்றால், ஏறமாட்டாள், என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், ரெண்டு நாள் பார்த்துவிட்டு அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று. வேனுக்குள் இருந்து பியூலா கை நீட்டினாள். இவள் அந்தக் கையைப் பிடித்து ஏறிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவே பார்க்கிறது. மதினி, "என்னடி இது, தாலி கட்டிப் போறவளே நாலு சொட்டு அழுவா" என்று சிரிக்கிறாள்.

சாயங்காலம் வந்து இறங்கினாள். நான் ஒற்றைச் சடை போட்டு அனுப்பியிருந்தேன். இரட்டைச் சடை போட்டு மடித்து ரிப்பன் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். "வேர்த்துச்சுக்கா, அதான் அவுத்துப் பின்னிவிட்டேன்" என்று பியூலா வேனிலிருந்தே சொல்கிறாள். என் மகள் தலையில் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. வீட்டுக்குள் கூட்டிப்போய் முதல் வேலையாக அதை அவிழ்த்தேன். இவள் ரிப்பனை விட மாட்டேன் என்கிறாள். பிடுங்க வேண்டியதாகப் போயிற்று.

அப்புறம் சாப்பாடு. அங்கே ஸ்பூனால் அவளே சாப்பிடுகிறாளாம். "வீட்லயும் அப்படியே விடுங்கக்கா, கொஞ்சம் சிந்துவா, பரவால்ல" என்றாள். சரி என்று நானும் தட்டில் போட்டு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஸ்பூனை எடுத்தாள். எடுத்தவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு உருண்டை உருட்டிக் கையில் வைத்திருந்தேன், சும்மாதான் வைத்திருந்தேன். ஸ்பூனை வைத்துவிட்டு வாயைத் திறந்துவிட்டாள். பார்த்தீர்களா? அவளுக்கு என் கைதான் வேண்டும். இதைப் பியூலாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். என்ன சிரிப்போ.

அதற்கு மேல் ஒன்று நடந்தது. ஒரு நாள் தண்ணி குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பூலா" என்றாள். தெளிவாக. இருபத்துமூன்று வருஷத்தில் ரெண்டாவது வார்த்தை. அவள் அப்பா துள்ளிக் குதிக்கிறார். "பிள்ள பேசுதுடி! இன்னொரு தடவ சொல்லு தாயி. பூலா. சொல்லு. பூலா." மதினியைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். இவளும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். "உனக்கு சந்தோசம் இல்லையா?" என்று வந்து கேட்டார். "வெங்காயம் நறுக்குறேன்ல" என்றேன். என் கையில் வெங்காயமே இல்லை. அவருக்கு அதெல்லாம் விளங்காது.

நான் பியூலாவைக் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளைதான். கைசுத்தம், வாய்சுத்தம். கல்யாணம் ஆகவில்லை. ஆகட்டும், அதற்கும் ஒன்று பிறக்கும், அப்போது தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைக்கக் கூடாதுதான். நினைத்துவிட்டு அம்மனுக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

இவர்களிடம் ஒரு தங்கல் வீடு இருக்கிறது, தெரியுமா? இந்தக் கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கிறதே, அதுதான். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஓய்வு வேண்டுமாம். பிள்ளையைக் கொஞ்ச நாள் அங்கே விட்டுவிட்டு நாம் தூங்கலாம், ஊருக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். எனக்கு முதுகுவலி என்று அவள் அப்பா இவர்களிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு முதுகுவலி என்று நான் அவரிடம் சொன்னது, அவர் தைலம் தேய்த்துவிடட்டும் என்று. இவர் ஊரெல்லாம் சொல்லி மகளை அனுப்ப ஏற்பாடு பண்ணிவிட்டார்.

அதற்கு முந்தின நாள்தான் பியூலா என்னை உட்காரவைத்துக் கேட்டாள். "அக்கா, செண்பகம் சத்தத்துக்குப் பயப்படுவால்ல, வீட்ல எப்படி சமாளிப்பீங்க?"

"நான் பக்கத்துல இருப்பேன்."

"வேற எதும் செய்வீங்களா? பாட்டுப் பாடுறது, தடவிக்குடுக்கிறது, ஏதாவது சாமான் கையில குடுக்கிறது?"

"அம்மா இருந்தாப் போதும் அவளுக்கு" என்றேன்.

பொய் இல்லையே? நான் இருக்கும்போதுதானே தீப்பெட்டியும் இருந்தது. அவளும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

மகளை அங்கே விட்டுவிட்டு வந்தேன். வீடு வீடாக இல்லை. தூங்கு தூங்கு என்கிறார் அவர், எப்படித் தூக்கம் வரும்? ஃபோனைச் சார்ஜில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "கலெக்டர் கூப்பிடப் போறாரா உன்ன?" என்கிறாள். அழுகிறாள், வந்து கூட்டிப்போங்கள் என்று ஃபோன் வரும் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் வரவில்லை. மறுநாள் மத்தியானம் வந்தது.

"அக்கா, பக்கத்துக் கோயில்ல கொடைக்கா. வேட்டுப் போட ஆரம்பிச்சிட்டாங்க. செண்பகம் கையக் கடிக்கிறா, விடவே மாட்டேங்கா. வீட்ல என்ன செய்வீங்கன்னு சொல்லுங்கக்கா, நான் செய்றேன்."

பின்னால் செண்பகத்தின் குரல் கேட்டது. அம்மாவைத்தான் கேட்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு வந்தது.

"நான் வாரேன்" என்றேன்.

"நீங்க வர நேரமாகும்லக்கா. அதுக்குள்ள என்ன..."

"நான் வந்தாத்தான் அடங்குவா. வாரேன்."

வைத்துவிட்டேன். ஃபோனில் சொல்கிற விஷயமா அது? நீங்களே சொல்லுங்கள். முகம் கழுவி, நல்ல சேலையாக ஒன்று எடுத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். அத்தனை பேர் முன்னால் போய் நிற்கப் போகிறோம், அழுக்குச் சேலையோடா போக முடியும்? தீப்பெட்டியை மறக்காமல் பைக்குள் வைத்தேன். எங்கள் நாலாட்டின்புதூரிலிருந்து எவ்வளவு தூரம் இது, பக்கம்தான். ஆனால் கோயில் கொடைத் திருவிழாக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. முளைப்பாரி போகிறது, மேளம் போகிறது. பாதியில் இறங்கி நடந்தேன். நடக்க நடக்க, கதவைத் திறந்ததும் அவள் என் மேல் வந்து எப்படி விழுவாள் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

தங்கல் வீட்டுக் கதவைத் திறந்தேன். வேட்டு இன்னும் வெடித்துக்கொண்டுதான் இருந்தது. உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. அடுப்படி வாசலில் சுவரில் சாய்ந்து செண்பகம் உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருக்கிறது, ரத்தம் கசிந்திருக்கிறது. இன்னொரு கையில் தீப்பெட்டி. அவளே காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறாள். ஜக் ஜக், ஜக் ஜக்.

நான் "செண்பகம்" என்று வாயெடுத்தேன். கீழே உட்கார்ந்திருந்த பியூலா உதட்டில் விரல் வைத்து என்னைச் சத்தம் போடாதே என்கிறாள். என்னை.

அப்புறம் மெல்ல எழுந்து வந்து சொன்னாள். "அவளாப் போய் எடுத்தாக்கா. கேஸ் மேடையில இருந்துச்சு. தீயப் பத்தவைக்கப் போறாளோன்னு ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன். காதுல வச்சு ஆட்டுறா. ஒவ்வொரு வேட்டுக்கும் ஆட்டுறா. கடிக்கிறத நிப்பாட்டிட்டா. எனக்கு அழுகையே வந்துருச்சு." அவள் கண் சிவந்துதான் இருந்தது. "உங்களுக்குத் தெரியுமாக்கா இது?"

"தெரியாதே" என்றேன்.

செண்பகம் என்னைப் பார்த்தாள். "ம்மா" என்றாள். நல்ல "ம்மா"தான். ஆனால் எழுந்திரிக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பி ஆட்டிக்கொண்டே இருந்தாள். நல்ல சேலையும் கட்டிக்கொண்டு நான் வாசலில் நிற்கிறேன். என் பைக்குள் ஒரு தீப்பெட்டி.

மணிக்கட்டில் தையல் போட வேண்டியதாகப் போயிற்று. பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லித்தானே வாங்கிக்கொண்டார்கள்? இதுதான் பார்த்துக்கொண்ட லட்சணம். அவள் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தன்னால ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கே எம்பிள்ள" என்று அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தன்னாலாம். இருபத்துமூன்று வருஷம் ஆட்டியது யார்?

அடுத்த வாரம் பியூலா ஒரு காலித் தீப்பெட்டிக்குள் புளியங்கொட்டையை உடைத்துப் போட்டு, ஒட்டி, மேலே துணி தைத்து, கயிறு கட்டி இவள் கழுத்தில் போட்டுவிட்டாள். அந்தக் கயிறுதான் நீங்கள் பார்ப்பது. சத்தம் கேட்டால் அவளே எடுத்து ஆட்டிக்கொள்கிறாள். எல்லாரும் கைதட்டினார்கள். என்னையும் கைதட்டச் சொன்னார்கள். தட்டினேன்.

அதோடு நான் வேனை நிறுத்திவிட்டேன். நானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறேன், விடுகிற வரைக்கும் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். "வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்கக்கா, முதுகு வலிக்கும்ல" என்று இவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வலித்தால் வலிக்கட்டும். திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாப்பிலேயே அந்தக் கயிற்றைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன். கூட்டத்தில் அறுந்து விழுந்துவிடும் இல்லையா? காலையில் இந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் மாட்டிவிடுவேன்.

வீட்டில் தீப்பெட்டியே வைப்பதில்லை இப்போது. அடுப்புக்கு லைட்டர் வாங்கிவிட்டேன். மதினி அதற்கு ஒரு பாட்டம் சிரித்தாள். "தீப்பெட்டி ஆபீஸ்ல தின்னு வளந்த கை, லைட்டரு கேக்குதோ? தீப்பெட்டி செஞ்சு பிழைக்கிற ஊர்க்காரன் கண்ணுல பட்டா உன்ன ஒதுக்கி வச்சிருவாண்டி" என்றாள். "பிள்ள தன்னால எடுக்கப் பழகிட்டா மதினி, தீப்பிடிச்சா என்ன செய்ய?" என்றேன். "அதுவும் சரிதான்" என்று போய்விட்டாள். சரிதானே? யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

போன வாரம் நல்ல இடி. நான் கூடத்தில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். செண்பகம் கழுத்தைத் தடவினாள், கயிறு இல்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். மேடையில் கையால் துழாவினாள். லைட்டர்தான் கிடைத்தது. அதைக் காதில் வைத்து ஆட்டினாள். என்ன சத்தம் வரும் அதில்? ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். திருப்பிப் பிடித்து ஆட்டினாள். மறு காதில் வைத்து ஆட்டினாள். அப்புறம் அதைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். என்னிடம்தான் வந்தாள். என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வந்தாளா இல்லையா?

தீப்பெட்டி என்னிடம் இருக்கிறது. இடுப்பில் செருகியிருக்கிறேன், பாருங்கள். விளக்குப் பொருத்தும்போதும் இதிலிருந்துதான் எடுப்பேன், திரும்ப இங்கேயே செருகிக்கொள்வேன். அன்றைக்கும் எடுத்து ஆட்டினேன். அப்படியே என் மேல் சாய்ந்து, கை இரண்டும் தொங்க, அமைதியாகிவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஆட்டிக்கொண்டே இருந்தேன். இடி நின்ற பிறகும் ஆட்டினேன்.

அதோ, பியூலா வருகிறாள், உங்களைத்தான் கூப்பிடப் போகிறாள். பையனைத் தூக்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள், மரியாதையாகச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தீப்பெட்டியையா கேட்கிறீர்கள்? இல்லை, இங்கே ஆட்ட மாட்டேன். வீட்டில் ஆட்டினால் வருகிறாள், பஸ்ஸில் ஆட்டினால் திரும்பிப் பார்க்கிறாள். இந்தப் பெஞ்சிலிருந்து அந்த ஜன்னலுக்கு நன்றாகக் கேட்கும். கேட்டும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தால்? உட்காரும்போதும் எழுந்திரிக்கும்போதும் தவறிச் சத்தம் வந்துவிடக் கூடாது என்று, இங்கே வரும்போது மட்டும் பெட்டிக்குள் கொஞ்சம் பஞ்சு அடைத்துக்கொண்டு வருகிறேன்.